நாலு விரல் ஆழம்

2024 செப்டம்பர் 19, வியாழக்கிழமை. முற்பகல் பதினொன்று இருபது. வெயில் முப்பத்தேழு டிகிரி. மேல்காற்று, காற்றோடு புழுதி. வானத்தில் மேகம் என்று சொல்ல இரண்டு துண்டு, இரண்டும் கடம்பூர்ப் பக்கம். தபால்காரர் வாசலில் நின்று ஒரு பழுப்பு உறையை நீட்டினார். அனுப்பியவர் முகவரி இல்லை. ஆனால் என் பெயரை எழுதியிருந்த கையெழுத்து எனக்குத் தெரியும். அந்தக் கையெழுத்தில் ஏழு வருடத்தில் இருபத்திரண்டு கடிதங்கள் எனக்கு வந்திருக்கின்றன, எல்லாம் பாளையங்கோட்டை விடுதியிலிருந்து. நலம், நலமறிய ஆவல், பணம் கிடைத்தது. எதிலும் நான்காவது வரி கிடையாது.

உறைக்குள் ஒரு கவிதைப் புத்தகம். தொண்ணூற்றாறு பக்கம், விலை நூற்று இருபது. அட்டையில் என் மகன் பெயர். உள்ளே ஓர் அழைப்பிதழ்: வரும் 29ஆம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் ஊர் கோவில்பட்டியிலேயே ஒரு மண்டபத்தில் நூல் அறிமுகக் கூட்டம். கடிதம் இல்லை. உறையை இரண்டு தடவை உதறிப் பார்த்தேன்.

என் மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தபோது அவன் என்னிடம் சொன்னான்: "அம்மாகூட இருக்க வேண்டிய ஏழு வருசத்தை எங்கிட்ட இருந்து எடுத்துட்டீங்க." அன்று மாலை கோயம்புத்தூருக்குப் போனவன் பிறகு வீட்டுக்கு வரவில்லை. ஆறு வருடத்தில் ஒன்பது முறை போனில் பேசியிருக்கிறோம். மிக நீண்ட பேச்சு ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. அதுவும் ரேஷன் கார்டிலிருந்து அவன் பெயரை நீக்குவது பற்றி.

பத்து வயதில் அவனை விடுதியில் சேர்த்தேன். ஏன் என்று அவனுக்குத் தெரியாது. அவன் அம்மாவுக்கு டி.பி. வந்திருந்தது. யாரிடமும் சொல்லக்கூடாது, பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்லக்கூடாது என்று அவள் என்னிடமும் தன் தம்பியிடமும் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். இருமலோடு இருக்கிறவள் பக்கத்தில்தான் பிள்ளை படுப்பான். அதனால் சேர்த்தேன். இதுவரை நியாயம். ஆனால் இரண்டு வருடத்தில் சளியில் கிருமி இல்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் ஐந்து வருடம் அவனை அங்கேயே வைத்திருந்தேன். திரும்ப வந்துவிடுமோ, திரும்ப வந்துவிடுமோ என்று. பெற்றோர் பார்க்கும் ஞாயிறுகள் வருடத்துக்குப் பத்து, ஏழு வருடத்தில் எழுபது. நான் போனது பதினான்கு.

முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்தவன் நான். ஒரு வீட்டில் எத்தனை விளக்கு எரிந்தது என்பதைச் சுவரில் உள்ள எண்ணை வைத்துச் சொல்லிவிடுவேன். கவிதை படித்ததில்லை. அன்று மாலைக்குள் அந்தப் புத்தகத்தில் இருந்த ஐம்பத்திரண்டு கவிதைகளையும் படித்தேன். அப்பா என்ற சொல் ஒரே ஒரு இடத்தில் இருந்தது. நாற்பத்தொன்றாம் பக்கம். தலைப்பு 'புழுதி'. ஏழு வரி.

மழைக்கு இருபது நாள் முன்பே
என்னைப் புழுதியில் இறக்கினார் அப்பா.
நாலு விரல் ஆழம்.
மண்ணை மூடிவிட்டுத்
திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.
தூறல்கள் வந்தன, போயின.
எனக்கு எதுவும் கேட்கவில்லை.

விடுதி வாசலில் அவனை விட்டுவிட்டு நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தது உண்மை. திரும்பினால் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று பயந்தேன். அவன் அதைப் பார்த்திருக்கிறான். முப்பத்துமூன்று வருடம் வைத்திருந்து அச்சடித்திருக்கிறான். இனி எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். இந்த அழைப்பு, வாருங்கள் என்கிற அழைப்பா, நாற்பது பேர் நடுவில் உட்கார்ந்து இதைக் கேளுங்கள் என்கிற அழைப்பா? எனக்கு எழுபத்து நான்கு வயது. இன்னொரு புத்தகம் போட்டு இன்னொரு உறை வரும்வரை இருப்பேன் என்று யார் சொல்ல முடியும்? போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் பத்து நாள் இருந்தது.

மூன்று வீடு தள்ளி ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர் இருக்கிறார். கடற்கரை ஊரில் பிறந்தவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதம் வாசிப்பவர். சனிக்கிழமை காலை புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

"யார் எழுதுனது அண்ணாச்சி?"

"தெரிஞ்ச பையன்."

அவர் அட்டையைப் பார்த்தார், பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "தெரிஞ்ச பையன்," என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார்.

"இந்த அப்பன் நல்லவனா கெட்டவனா டீச்சர்?"

"கவிதையில அப்படிக் கேக்கப்படாது."

"வேற எப்படிக் கேக்க?"

"எழுதுனவரோட அப்பா வேற. இதுக்குள்ள நடந்து போறவர் வேற. ரெண்டு பேரையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க."

"ரெண்டும் ஒரே ஆளுதான் டீச்சர். நாந்தான் நடந்து போனேன்."

அவர் உள்ளே போய் காபி கொண்டுவந்தார்.

"பரிட்சைப் பேப்பர் மாதிரி நெனச்சு மார்க்குப் போடுங்க," என்றேன். "பத்துக்கு எத்தன கோபம்?"

"இந்த வயசுல மார்க்கா? முப்பத்தாறு வருசம் போட்டு அலுத்தாச்சு." ஆனாலும் யோசித்தார். "ஏழு. மிச்சம் மூணு என்னன்னு எனக்குத் தெரியல."

"பாசமா?"

"தெரியலன்னுல்லா சொன்னேன். மண்ணைப் போட்டு மூடிட்டுப் போறாவ, உள்ள கெடக்கிறவனுக்கு எதுவும் கேக்கல. உயிரோட பொதச்ச மாதிரி இருக்கு அண்ணாச்சி. தப்பா எடுத்துக்கிடாதீங்க."

பிறந்ததிலிருந்து உப்புக்காற்றில் வளர்ந்தவர் அவர். நானோ கரிசல் காட்டில் பிறந்தும் விதையைக் கையில் எடுக்காதவன். எனக்கு வேலை கிடைத்த வருடமே எங்கள் ஐயா எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் இருந்த நிலத்தை விற்றுவிட்டார். புதைப்பது என்றால் எங்கள் இருவருக்கும் ஒரே அர்த்தம்தான்.

திங்கட்கிழமை மாத்திரை வாங்கப் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன். அங்கே நோட்டு, பேனாவோடு கொஞ்சம் கதை, கவிதைப் புத்தகமும் விற்கிற கடை ஒன்று உண்டு. வாசல் மேசையில் என் மகன் புத்தகம் அடுக்கியிருந்தது. கடைக்காரர் ஒன்றைப் பிரித்து, டீ கிளாஸோடு நின்ற சிநேகிதருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஏ, இதக் கேளு. நாலு விரல் ஆழத்துல இறக்கி மண்ணை மூடிட்டுப் போயிட்டானாம் அப்பன். எங்க அப்பன் பெல்ட்டோட நிப்பாட்டிக்கிட்டாரு."

"நாலு விரல்தானலே? ஆறடி தோண்டச் சோம்பேறித்தனம் போல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை. அது யாருடைய அப்பன் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் மேசைக்கு அருகில் போனேன்.

"இது எத்தன இருக்கு?" என்றேன்.

"இருபத்தேழு அண்ணாச்சி. ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு வந்தது."

"எல்லாம் வேணும்."

"எல்லாமா? லைப்ரரிக்கா?"

"ஆமா."

அவருக்குச் சந்தோஷம். கூட்டத்துக்கு வேறு கட்டு வரவழைத்துக்கொள்ளலாம் என்றார். மொத்தமாக எடுத்தால் பத்து சதவீதம் கழிவு உண்டு என்றார். வேண்டாம் என்றேன். கழிவை வேண்டாம் என்றது என் வாழ்க்கையில் அது ஒரு தடவைதான். ஆனால் பழக்கம் விடவில்லை. ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகத்திலும் பக்கம் சரியாக இருக்கிறதா என்று எண்ணினேன்.

"அண்ணாச்சி, அதெல்லாம் அச்சாபீஸ்லயே எண்ணித்தான் அனுப்புவான்."

"நான் எண்ணாம வாங்க மாட்டேன்."

ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. ஆட்டோவில் ஏற்றி வந்து மனைவியின் பீரோவில், சேலைகளுக்குக் கீழே அடுக்கிப் பூட்டினேன். இந்த ஊரில் இனி நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் படிக்க யாருக்கும் புத்தகம் இல்லை என்று நினைத்தபோது ஒரு நிம்மதி வந்தது. சாப்பிட்டு முடிப்பதற்குள் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மனைவியின் தம்பி போன் செய்தான். விளாத்திகுளம் பக்கம் அவனுக்குப் பதினோரு ஏக்கர். காலாண்டு லீவு விடும்போதெல்லாம் என் மகன் விடுதியிலிருந்து அங்கேதான் போவான்.

"அத்தான், மருமவன் கூட்டத்துக்குப் போறியளா? எனக்கு விதைப்பு நடக்கு, வர முடியாது போல."

"நாளைக்கு நான் அங்கன வாரேன்," என்றேன். அவனிடம் நேரில் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. இந்த ஆறு வருடத்தில் அவன் என் மகனிடம் டி.பி. விஷயத்தைச் சொல்லியிருந்தால், காரணம் தெரிந்தவன் எழுதிய கவிதை அது. அப்படியானால் கணக்கே வேறு.

சனிக்கிழமை விளாத்திகுளத்துக்குப் பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. மழை பெய்து எத்தனையோ மாதம் ஆன மண், காலடியில் மாவாக இருந்தது. டிராக்டர் விதைத்துக்கொண்டே முன்னால் போக, மச்சான் பின்னால் குனிந்து குனிந்து வந்துகொண்டிருந்தான். பத்தடிக்கு ஒரு தடவை உட்கார்ந்து, புழுதியை ஒதுக்கி, உள்ளே விதை கிடக்கிற இடம்வரை விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்துப் பார்த்தான்.

"என்னலே பண்ணுத?"

"வாங்கத்தான். ஆழம் பாக்கேன். மூணு விரல் இருக்கணும்லா."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, அந்த வெயிலிலேயே ஏழு வரியையும் படித்தேன். படிக்கும்போது என் குரல் உடைந்தது. அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"புழுதி விதைப்பைல்லா எழுதியிருக்கான்! இதுக்கா அழுதிய?"

"பொதச்சான்னு எழுதியிருக்கானே."

"அத்தான், நீங்க கரண்டு கணக்கெடுக்கத்தான் லாயக்கு. மழைக்கு முன்னாடி காஞ்ச மண்ணுல இப்படித்தான் போடணும். மேலாப்புல போட்டா முதத் தூறலுக்கே முளைச்சிரும். மறுநா வெயில்ல கருகிரும். ஆழத்துல கெடந்தா அந்தத் தூறல் அதுக்கு எட்டாது. நல்ல மழை பெஞ்சு மண்ணு ஊறினாத்தான் எந்திரிக்கும். எதுவும் கேக்கலன்னா பொழச்சுக் கெடக்குன்னு அர்த்தம்."

"திரும்பிப் பாக்காம நடந்தாருன்னு இருக்கே?"

"விதைக்கவன் திரும்பிப் பாத்துக்கிட்டே போனா உழவுச் சாலு கோணிரும். எங்க ஐயா ஏர் ஓட்டும்போது கூப்பிட்டாலே திரும்ப மாட்டாரு."

என் நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது. ஒரு நிமிடம்கூட இருந்திருக்காது. அவன் புத்தகத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, "நாலு விரல்னா போட்டிருக்கான்?" என்றான். சிரிப்பு போய்விட்டது.

"நாலுதான்."

"நாலு கூடத்தான் அத்தான். என்ன விதைன்னு போட்டிருக்கானா?"

"இல்ல."

"சோளம்னாலும் பருத்தின்னாலும் மூணு போதும். நாலுல கெடந்தா சிலது வரும். சிலது மண்ணை முட்டிப் பாத்துட்டு உள்ளயே போயிரும்."

"அப்ப நாலு விரல் யாரு போடுவா?"

அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "பயந்தவன் போடுவான்."

டிராக்டர் வரப்புவரை போய்த் திரும்பி வந்தது. அந்தச் சத்தம் தாண்டும்வரை காத்திருந்து கேட்டேன். "அக்காவுக்கு இருந்த சீக்கை அவங்கிட்டச் சொன்னியா?"

"அக்கா கையடிச்சுக் கேட்டாள்லா. நான் சொல்லல. நீங்கதான் சொல்லணும். செத்தவளுக்கு இனிமே என்ன வெக்கம்?"

திரும்பி வரும் பஸ்ஸில் கணக்குப் போட்டேன். மூன்று விரல் அவளுடைய நோய்க்கு. அது சரியான ஆழம், எந்த விவசாயியும் ஒப்புக்கொள்வான். நான்காவது விரல் என்னுடையது. ஐந்து வருடம். மகனிடம் சொல்ல வேண்டியதைப் பத்துச் சொற்களாகச் சுருக்கினேன்: அம்மாவுக்கு டி.பி. இருந்துச்சு, மூணு விரல் அதுக்கு, நாலாவது விரல் என் பயம். கோவில்பட்டி வருவதற்குள் மனப்பாடம் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இருபத்தேழு புத்தகங்களையும் இரண்டு கட்டைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டு எட்டரை மணிக்கே வாசலில் நின்றேன். பத்து மணிக்கு முன்னால் மேசையில் அடுக்கிவிட வேண்டும், அவனுக்குத் தெரியக்கூடாது. ஒன்பதுக்கு வருகிறேன் என்ற ஆட்டோ ஒன்பது ஐம்பதுக்கு வந்தது. மண்டபத்துக்குப் போனபோது பத்து பதினெட்டு. கூட்டம் இன்னும் தொடங்கவில்லை. வாசலில் ஒரு மேசை, அதன்மேல் விரித்த துணி, துணிமேல் ஒன்றும் இல்லை. வேறு கட்டு வந்து சேரவில்லை. மேசைக்குப் பின்னால் கடைக்காரர், அவர் பக்கத்தில் என் மகன். காதோரம் நரைத்திருந்தது.

"இவியதான் சார்!" என்றார் கடைக்காரர். "ஒவ்வொரு பக்கமா எண்ணுனாவன்னு சொன்னேம்லா, இவியதான். அந்தப் புழுதிக் கவிதையைப் படிச்சுக்கிட்டு இருந்தேன் சார். கேட்ட ஒடனே எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாவ."

"எண்ணுனாங்கன்னு சொன்னப்பவே தெரியும்," என்றான் என் மகன். என் கையிலிருந்த பைகளைப் பார்த்தான். "எதுக்கு வாங்குனீங்க?"

ஆறு வருடத்துக்குப் பிறகு நேருக்கு நேர் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. இரண்டு பதில் இருந்தது. பெருமையாக இருந்தது, ஊருக்கெல்லாம் கொடுக்க வாங்கினேன் என்று சொல்லியிருக்கலாம். கடைக்காரர் பக்கத்தில் நின்று அதற்குத் தலையாட்டியிருப்பார். இல்லை, யாரும் படிக்கக்கூடாது என்று வாங்கினேன் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் அந்த ஏழு வரியைப் பார்த்ததுபோல. மனப்பாடம் செய்த பத்துச் சொற்களும் தொண்டையில் வரிசையாக நின்றன. வெளியே வந்தது வேறு.

"தொண்ணூத்தாறு பக்கமும் சரியா இருக்கு."

"அவ்வளவுதானா?"

உள்ளே மைக்கில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் பைகளை மேசைமேல் வைக்கப் போனேன். "வேண்டாம். உங்க காசு குடுத்து வாங்குனது, நீங்களே வச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். என்னோடு சேர்த்து முப்பத்தெட்டுப் பேர். இரண்டு பேர் பேசினார்கள், பிறகு அவனை வாசிக்கச் சொன்னார்கள். முப்பத்தாறாம் பக்கத்திலிருந்து வரிசையாக வாசித்துக்கொண்டு வந்தான். மற்றவர்கள் கையில் புத்தகம் இல்லை. என் மடியில் மட்டும் ஒன்று விரிந்திருந்தது, நான் விரலால் தொடர்ந்துகொண்டே வந்தேன். முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பதை முடித்தவன் ஒரு மிடறு தண்ணீர் குடித்தான். தாளைப் புரட்டி நாற்பத்திரண்டாம் பக்கத்தை வாசித்தான்.

முப்பத்தெட்டுப் பேரில் எனக்கு மட்டுமே தெரியும், அவன் ஒன்றைத் தாண்டிவிட்டான் என்று. என்னைக் காப்பாற்றுவதற்காகத் தாண்டினானா, எனக்கு அதைக் கொடுக்கக்கூடாது என்று தாண்டினானா? பத்து நாளாக ஏழு வரியோடு மல்லுக்கட்டினேன். இப்போது வாசிக்காமல் விட்ட ஏழு வரியையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதாயிற்று. இதை எந்த டீச்சரிடம் கொண்டு போய்க் கேட்பது?

பன்னிரண்டு நாற்பதுக்குக் கூட்டம் கலைந்தது. வாசலில் அவனுக்குக் கார் நின்றது. நான் பைகளைப் படியில் வைத்துவிட்டு, முழங்கால் வலியோடு, கிட்டத்தட்ட ஓடினேன்.

"ஐயா. ஒரு நிமிசம். நாப்பத்தொண்ணாம் பக்கத்துல, அது என்ன விதை?"

அவன் கார் கதவில் கை வைத்தபடி நின்றான். என்னையே பார்த்தான். எத்தனை வினாடி என்று எண்ண மறந்துவிட்டேன்.

"எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றான். "போட்டவங்களைத்தான் கேக்கணும்."

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் எனக்கு வாய்க்காது. அப்படிச் சொல்லிவிட்டு அவன் காத்திருந்தான் என்றுதான் இப்போது தோன்றுகிறது. "அம்மாவுக்கு..." என்று தொடங்கினேன். அந்த ஒரு சொல்தான் வந்தது. அதற்குள் கூட்டம் நடத்தியவர்களில் ஒருவர் வந்து, "சார், நேரமாச்சு, திருநெல்வேலியில மூணு மணிக்கு அடுத்த கூட்டம்," என்று அவன் தோளைத் தொட்டார். அவன் இன்னும் ஒரு முறை என்னைப் பார்த்தான். பிறகு ஏறிக்கொண்டான். கார் திரும்பும்வரை பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் தலை திரும்பவில்லை.

மாலை ஐந்து மணிக்குத் தூறல் விழுந்தது. ஏழு நிமிடம். வாசல் சிமெண்டுகூட முழுதாக நனையவில்லை. விளாத்திகுளத்தில் தூறியதா என்று மச்சானைக் கேட்டேன். "மண்ணு மேல்தோலு மட்டும் நனைஞ்சிருக்கு அத்தான். நம்ம விதைக்கு எட்டல, பயமில்ல," என்றான். மகன் எண்ணுக்கு மூன்று தடவை அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. நான்காவது தடவை விரல் பொத்தான்வரை போனது, அழுத்தவில்லை.

இருபத்தேழு புத்தகமும் திரும்ப பீரோவுக்குள் போய்விட்டன. புத்தகத்துக்கு மூவாயிரத்து இருநூற்று நாற்பது, கொண்டுவந்த ஆட்டோவுக்கு எண்பது, விளாத்திகுளம் போய் வந்தது நூறு, மண்டபத்துக்குப் போய் வர ஆட்டோ இருநூறு. ஆக மூவாயிரத்து அறுநூற்று இருபது ரூபாய்.